லென்சிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



இந்த அரங்கில் கண்ணாடி அணிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அணியாதவர்கள் கையில் ஃபோன் இருக்கிறது. அதன் முதுகில் இரண்டு, மூன்று லென்சுகள். ஃபோனும் இல்லாத குழந்தைகளுக்குக் கண்ணுக்குள்ளேயே இயற்கை வைத்த லென்சு இருக்கிறது. லென்சோடு வாழாத மனிதர் இல்லை. ஆனாலும் கண் மருத்துவர் கொடுத்த சீட்டில் இருக்கும் எண்களுக்குப் பொருள் கேட்டால், நன்றாகப் படித்தவர்களும் "அது கடைக்காரருக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நம் உடம்பைப் பற்றிய எண்கள் நமக்குத் தெரிய வேண்டும். அவற்றைப் புரிந்துகொள்ளப் பத்தாம் வகுப்பு அறிவியல் போதும்.

லென்சைப் பற்றிய சொற்கள் பார்க்கப் பலவாகத் தோன்றும். குவியத் தொலைவு, திறன், ஒளிவிலகல் எண், எஃப் எண், நிறப்பிறழ்ச்சி என்று பட்டியல் நீளும். நான் அவற்றை மூன்று கேள்விகளுக்குள் அடக்கிக் காட்டுகிறேன். ஒளியை எவ்வளவு வளைக்கிறாய்? எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறாய்? கண்டதை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறாய்? எந்த லென்சிடமும் இந்த மூன்றைக் கேட்டால் போதும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இவற்றில் ஒன்றுக்கு விடையாக வந்து நிற்கும்.

முதல் கேள்வி, வளைப்பதைப் பற்றியது.

மேசைமேல் இருப்பது பள்ளி ஆய்வகத்துக் குவிலென்சு. நடு தடித்து, ஓரம் மெலிந்திருக்கிறது. குழிலென்சில் நடு மெலிந்து, ஓரம் தடித்திருக்கும். இந்தக் குவிலென்சின் இரு பரப்புகளும் ஒவ்வொரு கோளத்தின் துண்டுகள். அந்தக் கோளங்களின் மையங்கள் இரண்டையும் இணைக்கும் கோடுதான் முதன்மை அச்சு. அச்சின்மேல், லென்சின் நடுவில் உள்ள புள்ளி ஒளியியல் மையம். அதன் வழியே போகும் கதிர் திசை மாறாமல் போகும். அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் குவிலென்சைக் கடந்து கூடும் இடம் முதன்மைக் குவியம். ஒளியியல் மையத்துக்கும் குவியத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் குவியத் தொலைவு.

இந்தத் தூரத்தை நீங்களே அளக்கலாம். பகலில் சன்னலுக்கு எதிரே உள்ள சுவரருகே குவிலென்சைப் பிடியுங்கள். முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். ஓரிடத்தில், வெளியே தூரத்தில் நிற்கும் மரம் தலைகீழாக, தெளிவாகச் சுவரில் விழும். அப்போது சுவருக்கும் லென்சுக்கும் இடையே அளவுகோலை வையுங்கள். 20 சென்டிமீட்டர் வந்தால் அதுவே அதன் குவியத் தொலைவு. சூரியனை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். காகிதத்தைப் பற்றவைக்கும் ஒளி விழித்திரையையும் எரித்துவிடும். குழிலென்சை வைத்து எவ்வளவு நகர்த்தினாலும் சுவரில் பிம்பம் விழாது. அது கதிர்களை விரிக்கிறது. விரிந்த கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியவைபோலத் தோன்றும். அதை மாயக் குவியம் என்கிறோம். அதனால்தான் குழிலென்சின் குவியத் தொலைவுக்கு முன்னால் மைனஸ் குறி வருகிறது.

குவியத் தொலைவு குறைய, லென்சு ஒளியைக் கூடுதலாக வளைக்கிறது என்று பொருள். எண் சிறுத்தால் வலிமை கூடுகிறது என்பது அன்றாடக் கணக்குக்குச் சிரமம். அதோடு, பழைய கண் மருத்துவர்கள் லென்சின் குவியத் தொலைவை அங்குலத்தில் குறித்தார்கள். அந்த அங்குலமோ நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினான்ட் மோனோயே 1872இல் டையாப்டர் என்ற அலகை முன்மொழிந்தார். குவியத் தொலைவை மீட்டரில் எழுதி, ஒன்றை அதனால் வகுத்தால் லென்சின் திறன் கிடைக்கும். சுவர் சோதனையில் வந்த 20 சென்டிமீட்டர் என்பது 0.2 மீட்டர், திறன் பிளஸ் 5 டையாப்டர். இந்த அலகுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மெல்லிய லென்சுகளை ஒட்டி வைத்தால் திறன்களைக் கூட்டிக்கொள்ளலாம். பிளஸ் 2உடன் பிளஸ் 1 சேர்ந்தால் பிளஸ் 3. கண் பரிசோதனையில் மூக்கின்மேல் ஒரு சட்டத்தை மாட்டி, ஒரு லென்சுக்கு முன்னால் இன்னொன்றைச் செருகிச் செருகிப் பார்ப்பது இந்தக் கூட்டல் கணக்கின் துணையோடுதான்.

இப்போது மருத்துவர் கொடுத்த சீட்டைப் பிரிப்போம். ஒரு கண்ணுக்கு இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஸ்பெரிக்கல் மைனஸ் 2.00, சிலிண்டர் மைனஸ் 0.75, ஆக்சிஸ் 180, ஆட் பிளஸ் 1.50.

முதல் எண் கோள லென்சின் திறன். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை. தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை மீட்டர். கண்ணாடியைக் கழற்றினால் 50 சென்டிமீட்டர் வரைதான் தெளிவு, அதற்கு அப்பால் மங்கல் என்று அந்த எண் சொல்கிறது. மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர். உங்கள் வீட்டில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளையின் எண்ணை இப்படி வகுத்துப் பாருங்கள். கரும்பலகையைப் பார்க்க அந்தக் குழந்தை படும் பாடு எத்தகையது என்று தெரியும். பிளஸ் என்றால் தூரப்பார்வை. அங்கே பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போகிறது, குவிலென்சு அதை முன்னுக்கு இழுக்கிறது.

பல பெற்றோர் "கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும்" என்று அஞ்சுகிறார்கள். சரியான கண்ணாடி அணிவதால் கிட்டப்பார்வை கூடுவதில்லை. வளரும் வயதில் விழிக்கோளம் நீள்வதால்தான் அந்த எண் ஏறுகிறது. கண்ணாடியை மறைத்து வைத்தாலும் விழிக்கோளம் நீளத்தான் செய்யும். குழந்தைக்குக் கரும்பலகை தெரியாமல் போவது ஒன்றே மிச்சம். இன்னொரு குழப்பம், 6/6, 6/12 என்று எழுதும் எண்கள். அவை லென்சைப் பற்றியவை அல்ல. குறையற்ற கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது என்பதே 6/12. அது பார்வைக் கூர்மை. டையாப்டர் அதைத் திருத்த வேண்டிய லென்சின் அளவு.

அடுத்து சிலிண்டர். சிலரது விழிவெண்படலம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருக்காது. குத்துவாட்டில் ஒரு வளைவு, கிடைவாட்டில் வேறொரு வளைவு. ஒரு திசைக் கோடு தெளிவாகத் தெரியும்போது மறு திசைக் கோடு மங்கும். ஒரே ஒரு திசையில் மட்டும் வளைக்கும் உருளை லென்சு இதைச் சரிசெய்கிறது. எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்பதைத்தான் ஆக்சிஸ், 180 பாகைக்குள், சொல்கிறது. இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி தன் இடக்கண்ணில் இந்தக் குறை இருப்பதைக் கண்டு, 1825இல் தனக்கென்று ஓர் உருளை லென்சைக் கணக்கிட்டுச் செய்வித்துக்கொண்டார். இன்று தெருவுக்குத் தெரு கிடைக்கும் சிலிண்டர் பவருக்கு அது முன்னோடி.

ஆட் என்பது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. வயதாக ஆகக் கண்ணின் லென்சு இறுகி, கிட்டத்தில் உள்ளதைக் குவிக்க முடியாமல் போகிறது. அதுதான் வெள்ளெழுத்து. படிப்பதற்காக, தூரப் பார்வைக்கான திறனோடு கூட்ட வேண்டிய பிளஸ் இது. நம் எடுத்துக்காட்டில் மைனஸ் 2.00உடன் பிளஸ் 1.50 சேர்ந்து, படிக்கும் பகுதிக்கு மைனஸ் 0.50 ஆகிறது. சீட்டின் ஓரத்தில் பி.டி. என்று ஓர் எண் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். இரு கண்பாவைகளுக்கும் இடையே உள்ள தூரம் அது. லென்சின் ஒளியியல் மையம் கண்பாவைக்கு நேரே அமைய வேண்டும். விலகினால் லென்சு பட்டகம்போல் வேலை செய்து, தலைவலியையும் கண் சோர்வையும் தரும். எண் சரியாக இருந்தும் கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வளைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இரண்டு பரப்புகளின் வளைவும், லென்சு செய்த பொருளின் ஒளிவிலகல் எண்ணும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை அந்தப் பொருளுக்குள் அதன் வேகத்தால் வகுத்தால் வருவது ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக் கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் லென்சுக்கு 1.50; பாலிகார்பனேட்டுக்கு 1.59, 'ஹை இண்டெக்ஸ்' என்று விற்பவை 1.67, 1.74. எண் கூடினால் அதே திறனுக்குக் குறைந்த வளைவு போதும், லென்சு மெலிகிறது. மைனஸ் 6, மைனஸ் 8 உள்ளவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியிலிருந்து விடுபட்டது இதனால்தான். மைனஸ் 1 உள்ளவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

லென்சைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். 1.5 எண் உள்ள கண்ணாடி லென்சைத் தண்ணீரில் மூழ்க வைத்தால் அதன் குவியத் தொலைவு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். குளத்துக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதன் காரணம் இதுவே. கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டையாப்டர்; அதில் மூன்றில் இரண்டு பங்கு காற்றைத் தொட்டு நிற்கும் விழிவெண்படலத்துடையது. தண்ணீர் தொட்டதும் அது பெரும்பாலும் போய்விடுகிறது.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். எவ்வளவு ஒளி?

லென்சின் விட்டம் பெரிதானால் உள்ளே வரும் ஒளி கூடும். ஆனால் விட்டம் மட்டும் போதாது. அந்த ஒளி எவ்வளவு பெரிய பிம்பத்தில் பரவுகிறது என்பதும் வேண்டும். அதைத் தீர்மானிப்பது குவியத் தொலைவு. ஆகவே குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுக்கிறோம். கிடைப்பது எஃப் எண். 50 மில்லிமீட்டர் லென்சில் 25 மில்லிமீட்டர் துளை என்றால் எஃப் 2. கேமராவில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படியிலும் துளையின் பரப்பு பாதியாகிறது, ஒளியும் பாதியாகிறது. விட்டம் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபடுவதால்தான் எண்கள் அப்படி வருகின்றன. சிறிய எண், கூடுதல் ஒளி. நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் 2 மில்லிமீட்டராகச் சுருங்கி, இருட்டில் இளைஞர்களுக்கு 8 மில்லிமீட்டர் வரை விரியும். கணக்கிட்டால் நம் கண்ணும் ஏறக்குறைய எஃப் 8க்கும் எஃப் 2க்கும் இடையே இயங்குகிறது.

புதிதாக வாங்கிய கேமரா லென்சின் வளையத்தில் '18–55 மி.மீ., 1:3.5–5.6' என்று பொறித்திருக்கும். முதலிரண்டும் குவியத் தொலைவின் இரு எல்லைகள். அதாவது இது ஜூம் லென்சு. அடுத்த இரண்டும் அந்த எல்லைகளில் கிடைக்கும் மிகப் பெரிய துளையின் எஃப் எண்கள். பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட வட்டத்தோடு இருக்கும் எண், முன்னால் திருகும் ஃபில்டரின் விட்டம் மட்டுமே. பைனாகுலரில் '8×42' என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன் லென்சின் விட்டம் 42 மில்லிமீட்டர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. பறவை பார்க்க விடியலில் கிளம்புபவர்கள் வாங்குமுன் இந்த வகுத்தலைச் செய்ய வேண்டும்.

மாணவர்களே, உங்கள் பள்ளி நுண்ணோக்கியின் பொருளருகு லென்சில் '40/0.65' என்றும், அதன் கீழ் '160/0.17' என்றும் எழுதியிருக்கக் காணலாம். 40 உருப்பெருக்கம். 160 குழாயின் நீளம், மில்லிமீட்டரில். 0.17 கண்ணாடி மூடுவில்லையின் தடிமன். இவற்றுக்கு நடுவே 0.65 என்ற எண்தான் முக்கியமானது. பொருளிலிருந்து எவ்வளவு விரிந்த ஒளிக்கூம்பை அந்த லென்சு வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு அது. துளை எண் எனலாம். ஜெர்மனியின் யேனா நகரில் ஏர்ன்ஸ்ட் அபே 1873இல் காட்டிய உண்மை இதுதான்: ஒளியின் அலைநீளத்தைத் துளை எண்ணின் இருமடங்கால் வகுத்தால் வரும் தூரத்தைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது. எண்ணெய் விட்டுப் பார்க்கும் 1.25 லென்சுக்கும் எல்லை ஏறக்குறைய 0.2 மைக்ரான். பாக்டீரியா தெரியும், கொரோனா வைரஸ் தெரியாது. உருப்பெருக்கத்தை எத்தனை ஆயிரமாக ஏற்றினாலும் மங்கல்தான் பெரிதாகும்.

ஒளி இன்னொரு வழியிலும் போகிறது. பூச்சு இல்லாத கண்ணாடி, பரப்பு ஒன்றுக்கு நூற்றில் நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகள் உள்ள கேமரா லென்சில் மூன்றில் ஒரு பங்கு ஒளி இப்படியே வீணாகும். 1935இல் ட்சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, மிக மெல்லிய படலத்தைப் பூசி இதைக் குறைக்கும் முறையைக் கண்டார். கண்ணாடிக் கடையில் 'ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங்' என்று சொல்வது அதன் வழி வந்ததே. இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு அது பயனுள்ள செலவு.

மூன்றாவது கேள்வி, உண்மையைப் பற்றியது. மனிதர் செய்த எந்த லென்சும் முழுக்க உண்மை பேசுவதில்லை. அது எங்கே தவறுகிறது என்பதற்குத்தான் பிறழ்ச்சிகளின் பெயர்கள்.

கோளப் பரப்பு செய்வதற்கு எளிது; ஆனால் அதன் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுவில் நுழைபவற்றைவிடக் கிட்டத்திலேயே கூடிவிடுகின்றன. இது கோளப்பிறழ்ச்சி. துளையைச் சுருக்கினால் குறையும். கோளமல்லாத வடிவில் பரப்பைக் கடைந்தாலும் குறையும். லென்சின்மேல் 'ஆஸ்ஃபெரிக்' என்று எழுதியிருப்பதன் பொருள் இதுவே. இரண்டாவது நிறப்பிறழ்ச்சி. கண்ணாடி நீலத்தைச் சிவப்பைவிடக் கூடுதலாக வளைப்பதால் நிறத்துக்கு ஒரு குவியம் உண்டாகி, பிம்பத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தோன்றும். குவியத் தொலைவை நீட்டினால் இது உறுத்தாது என்று கண்ட 17ஆம் நூற்றாண்டு வானியலாளர்கள் தொலைநோக்கியை நீட்டிக்கொண்டே போனார்கள். டான்சிக் நகரில் ஹெவேலியஸ் வைத்திருந்தது ஏறக்குறைய 150 அடி நீளம். கம்பத்தில் தொங்கவிட்டுக் கயிறு கட்டி இழுத்துத்தான் அதைத் திருப்ப முடியும். லென்சின் இந்தக் குறைக்குத் தீர்வே இல்லை என்று கருதிய நியூட்டன், 1668இல் உலோக ஆடியால் தொலைநோக்கி செய்யும் வழிக்குப் போனார். ஆனால் தீர்வு இருந்தது. நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கிரௌன் கண்ணாடியில் ஒரு குவிலென்சும், கூடுதலாகப் பிரிக்கும் ஃப்ளின்ட் கண்ணாடியில் ஒரு குழிலென்சும் செய்து சேர்த்தால், வளைப்பு மிஞ்சும், நிறப்பிரிவு பெருமளவு நீங்கும். லண்டன் வழக்கறிஞர் செஸ்டர் மூர் ஹால் 1730களில் இதைச் செய்தார். ஜான் டாலண்ட் 1758இல் காப்புரிமை பெற்று உலகுக்குக் கொண்டுசேர்த்தார்.

ஒரு பொருள் நிறங்களை எவ்வளவு பிரிக்கும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. முன்னர் சொன்ன ஏர்ன்ஸ்ட் அபேயின் பெயரால் அபே எண் என்கிறோம். எண் கூடினால் நிறம் பிரிவது குறைவு. சாதாரண பிளாஸ்டிக் லென்சுக்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30. உடையாத தன்மைக்காகக் குழந்தைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் பாலிகார்பனேட் நல்லது. ஆனால் திறன் கூடிய லென்சின் ஓரத்தில் எழுத்தைச் சுற்றி நிறம் தெரிந்தால், அதன் காரணம் இந்த 30 என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும். கடையில் மெலிவைச் சொல்வார்கள்; அபே எண்ணை நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த எண்களில் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானியரின் கண்ணுக்குள் தெறித்த அக்ரிலிக் துண்டுகள் கண்ணுக்குத் தீங்கு செய்யாமல் கிடப்பதை லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பரில், கண்புரை நீக்கிய ஒரு கண்ணுக்குள் முதன்முதலாக அதே வகைப் பொருளில் செய்த லென்சைப் பொருத்தினார். இயற்கை லென்சின் வளைவுகளையே அதற்கும் கொடுத்திருந்தார்கள். ஆனால் அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, இயற்கை லென்சினுடையது அதைவிடக் குறைவு. சுற்றியிருக்கும் விழிநீரோடு ஒப்பிட்டால் அந்தச் சிறு வேறுபாடு திறனை ஏறத்தாழ இருமடங்காக்கிவிட்டது. அந்த நோயாளிக்கு 15 டையாப்டருக்கும் மேலான கிட்டப்பார்வை வந்துசேர்ந்தது. பொருளைத் தேர்ந்தது மேதைமை. அந்தப் பொருளின் எண்ணைக் கணக்கில் முழுதும் சேர்க்காததுதான் குறை. அடுத்து வந்த லென்சுகளில் அதைத் திருத்திக்கொண்டார்கள்.

இன்று அறுவைக்கு முன் விழிக்கோளத்தின் நீளத்தையும் விழிவெண்படலத்தின் வளைவையும் அளந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே திறனைக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் அது 20 டையாப்டரை ஒட்டி வரும். நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் முடிவில் ஏறக்குறைய இரண்டரை டையாப்டர் தவறும். நம் மதுரையில், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் குடும்பத்திலிருந்து, 1992இல் ஆரோலேப் பிறந்தது. வெளிநாட்டு விலையில் ஏழைக்கு எட்டாதிருந்த இந்த உள்விழி லென்சை, பல மடங்கு குறைந்த விலையில் இங்கேயே செய்து காட்டியது. நீங்கள் சந்திக்கும் பல பாட்டிகளின் கண்ணுக்குள், டையாப்டர் அச்சிட்ட உறையிலிருந்து எடுத்துப் பொருத்திய ஒரு லென்சு இருக்கிறது. அறுவை முடிந்ததும் கொடுக்கும் அட்டையில் அந்த எண் இருக்கும்; அதைப் பத்திரப்படுத்திக் கொடுங்கள்.

என் வேண்டுகோள்கள் எளியவை. கண் பரிசோதனை முடிந்ததும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்; அது உங்கள் உடைமை. அடுத்த முறை போகும்போது பழையதோடு ஒப்பிடுங்கள். லென்சு வாங்கும்போது ஒளிவிலகல் எண்ணையும் அபே எண்ணையும் கேளுங்கள்; விடை தெரியாத கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளருக்காகவாவது தெரிந்துகொள்வார். பெற்றோர்களே, பள்ளியில் சேர்க்கும் வயதிலேயே குழந்தையின் கண்ணைச் சோதியுங்கள். மங்கலையே இயல்பென்று நினைக்கும் குழந்தை உங்களிடம் வந்து குறை சொல்லாது. ஆசிரியர்களே, பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள். ஆய்வக அலமாரியில் பூட்டிக் கிடக்கும் குவிலென்சை எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுங்கள். சன்னலுக்கு எதிரே நின்று, தன் அளவுகோலால் குவியத் தொலைவை ஒருமுறை அளந்த பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க மறக்காது.